மயக்கம் கொடுக்கிற மருமகள்

மயக்கம் கொடுத்தால் மனுஷன்தான் தூங்குவான், அவன் உடம்பு தூங்காது என்று எனக்கு முதன்முதலில் சொன்னது என் மருமகள் ரெக்ஸலின். போன வருஷம், எங்க சபையில் அசனப் பண்டிகை முடிந்த மறுநாள் காலையில். வாயில் பல் தேய்க்கிற பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சொன்னாள். அசனம் என்றால் சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. முந்தின நாள் முழுக்கக் கத்தரிக்காய் நறுக்கி, முழங்கால் இரண்டும் பலூன் மாதிரி வீங்கி, நான் கட்டிலில் கிடக்கிறேன். மாமியார் கால் வீங்கிக் கிடந்தால் ஒரு மருமகள் என்ன செய்வாள்? தைலம் எடுத்துக்கொண்டு வருவாள். இவள் நுரை வாயோடு வந்து நின்று பாடம் எடுத்தாள்.

நான் யாரையும் குறை சொல்லுகிறவள் இல்லை. நீங்க கேட்டதனால் சொல்லுகிறேன். முதுகில் ஊசி போட்டால் வலிக்குமா என்று கேட்டீங்களே, அதற்குத்தான் வருகிறேன். உங்க அம்மாவுக்கு இடுப்பு எலும்பா? பாவம், ஸ்ட்ரெச்சரில் எவ்வளவு பொறுமையாய்ப் படுத்திருக்கிறார்கள். எனக்கு முழங்கால். வலது கால் ஆகிவிட்டது. இப்போது இடது. உங்க டோக்கன் எனக்கு முந்தினது, பரவாயில்லை, உட்காருங்க. உள்ளே இருக்கிறவள் ஒரு ஆளை விசாரித்து அனுப்ப எவ்வளவு நேரம் எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். வெங்காயம் உரிக்கச் சொன்னாலே அப்படித்தான்.

ஆமாம், அவளேதான். மயக்க டாக்டர் ரெக்ஸலின் கிங்ஸ்லி என்று போர்டு போட்டிருக்கிறதே, அந்தக் கிங்ஸ்லி நான் பெற்ற பிள்ளை. நாங்க ஒரே வீடு, சமாதானபுரத்தில். காலையில் அவள் காரில் வந்தாள். நான் பஸ்ஸில் வந்தேன். எல்லாரையும் போல டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். நான் எதற்கும் சலுகை கேட்கிறவள் இல்லை.

கிங்ஸ்லிக்குப் பெண் பார்க்கும்போது, டாக்டர் பெண், ஆனால் ஆர்.சி. குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர்கள் என்றார்கள். எங்க வீட்டுக்காரர், அவுக அப்போது உயிரோடு இருந்தார்கள். "உன் இஷ்டம், நீயே ஜெபிச்சுப் பாரு" என்றுவிட்டார்கள். நான் உபவாசம் இருந்து ஜெபித்தேன். டாக்டர் என்கிறதனால் ஆர்.சி.யைப் பொறுத்துக்கொள்ளும்படி ஆண்டவர் என் மனதில் ஏவினார். சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். பெருமைக்காக இல்லை. பெருமை எனக்கு ஆகாது. எட்டாம் கிளாஸோடு நிறுத்தப்பட்ட ஒருத்தி வீட்டுக்கு ஒரு டாக்டர் வருகிறாள் என்றால் அது மற்றவர்களுக்கு விசுவாசத்தைக் கொடுக்கும் அல்லவா?

அப்புறம்தான் லில்லிபுஷ்பத்துக்குப் பித்தப்பையில் கல் வந்தது. லில்லிபுஷ்பம் எங்க பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். இதே ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன். திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் செருப்பு தேடிக்கொண்டு நிற்கிற நேரத்தில் சொல்லுகிறாள்:

"ஏ ஞானதீபம் அக்கா, உங்க மருமக பெரிய டாக்டர்னு சொன்னிய, அந்தப் பிள்ள என் தலைமாட்டுல ஒரு ஸ்டூல்லல்லா உக்காந்திருந்துச்சு! வெட்டுனது வேற ஆளு, தச்சது வேற ஆளு. இது மூக்குல ஒரு மூடியை வச்சி, ஆன்ட்டி மூச்சை நல்லா இழுங்கன்னுச்சு. அவ்வளவுதான் அதுக்கு வேல."

எல்லாரும் சிரித்தார்கள். போதகர் அம்மாகூடச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏம்மா, நீ வெட்டமாட்டியா?"

"வெட்டமாட்டேன் அத்தை."

"தைக்கவாவது செய்வியா?"

"இல்ல அத்தை. அவங்க வெட்டித் தைக்கிற வரைக்கும் நான் உயிரைப் பாத்துக்கிடுவேன்."

கேட்டீங்களா பேச்சை? உயிரைப் பார்த்துக்கொள்ளுகிறவர் மேலே இருக்கிறார். இவள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுகிறாளாம். ஆளைத் தூங்கவைக்கிறதற்கா அத்தனை வருஷம் படித்தாள்? நானும் இரண்டு பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுத் தூங்கவைத்தவள்தான். யாரும் எனக்குப் போர்டு எழுதி மாட்டவில்லை.

சரி, காலுக்கு வருகிறேன். என் முழங்கால் தேய்ந்தது ஜெபத்தினால். காலையிலும் மாலையிலும் வெறும் சிமெண்ட் தரையில் முழங்கால்படியிட்டே தேய்ந்தது. இங்கே எலும்பு டாக்டர் மகாராஜன் இருக்கிறாரே, அவரிடம் அதைச் சொன்னேன். "வெயிட்டைக் குறைங்கம்மா" என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டு மூட்டையும் மாற்ற வேண்டும், ஒவ்வொன்றாக மாற்றலாம் என்று அவர் சொல்லி அனுப்பினதற்குப் பிறகுதான் அந்த அசனப் பண்டிகையும், இவள் பிரஷ்ஷோடு வந்து நின்றதும்.

"அத்தை, ஆபரேஷனுக்கு மயக்கம் ரெண்டு விதமாக் கொடுக்கலாம்" என்றாள். "ஒண்ணு, முழுசாத் தூங்க வைக்கிறது. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா நீங்கதான் தூங்குவீங்க, உங்க உடம்பு தூங்காது. எலும்பை அறுக்கிற சேதி நரம்பு வழியா மேல போய்க்கிட்டே இருக்கும். உடம்புக்கு அது ஆபரேஷன்னு தெரியுமா? யாரோ வெட்டுறான்னுதான் அதுக்குத் தெரியும். ஓடணும், இல்ல சண்டை போடணும்னு சர்க்கரையை ரத்தத்துல அள்ளிக் கொட்டும். பி.பி. ஏறும். நெஞ்சு அடிச்சுக்கிடும். அதையெல்லாம் மருந்து கொடுத்து அடக்கலாம், நிறையப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா உங்களுக்கு ஏற்கெனவே சுகர்."

"ரெண்டாவது?"

"முதுகுல ஒரு ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துரும். சேதி அங்கேயே நின்னுரும், மேல ஏறாது. மருந்து வேலை செய்யுற வரைக்கும் உடம்பு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்."

இவ்வளவையும் சொல்லிவிட்டு வாயைக் கொப்பளிக்கப் போனாள். நான் பொறுமையாய் இருந்தேன். வந்ததும் சொன்னேன்: "நான் பயந்தால்தானேம்மா என் உடம்பு பயப்படும்? நான் ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்துட்டுப் படுக்கிறவ. எனக்குள்ள சமாதானம் இருக்கு."

அதற்கு அவள் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே, "உங்க சமாதானம் உங்க சுகருக்குத் தெரியாதே அத்தை" என்கிறாள்.

அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். கோபத்தினால் இல்லை. கோபம் வைத்துக்கொண்டு ஜெபிக்க முடியாது, அது எனக்குத் தெரியும். அவளுக்காக அமைதியாய் ஜெபிக்கிறதற்காக நிறுத்தினேன். ஆனால் சாப்பாட்டில் ஒரு குறை வைத்ததில்லை. சோறு ஆறிப்போகுது என்று ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொல்லுவேன். அவள் வந்து சாப்பிட்டுவிட்டு, "மீன் நல்லா இருந்துச்சு அத்தை" என்பாள். சரி என்று ஃப்ரிட்ஜிடம் சொல்லுவேன். கிங்ஸ்லிக்கு இது விளையாட்டு. "அம்மா, ஒரு நாள் ஃப்ரிட்ஜே பதில் சொல்லப் போவுது பாருங்க" என்பான். அவன் அவுகளை மாதிரி, எதையும் சிரித்தே கழிப்பான்.

பெண்கள் சங்கத்துக் கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கொடுக்கிற நேரம் ஒன்று உண்டு. வியாதிக்காரர், கஷ்டத்தில் இருக்கிறவர், யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ சொல்லலாம். பேர் சொல்லக்கூடாது, அது எங்க ஒழுங்கு. நான் எழுந்து, "ஒரு வீட்டில் படித்த மருமகளின் பெருமை உடையும்படி" என்று குறிப்பு கொடுத்தேன். எல்லாரும் கண்ணை மூடி உருகி ஜெபித்தார்கள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும், "ரெக்ஸலின் என்ன செஞ்சிச்சு அக்கா?" என்று கேட்டார்கள்.

முதுகு ஊசி விஷயத்தைச் சொன்னேன். லில்லிபுஷ்பம் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, அதை மட்டும் போட்டுறாதிய! என் சின்னவன் பொறக்கும்போது எனக்குப் போட்டாவ. அவனுக்கே கல்யாணம் ஆயிட்டு. இன்னைக்கும் என்னால ஒரு குடம் தண்ணி தூக்க முடியல."

உடனே ஆளாளுக்குத் தொடங்கிவிட்டார்கள். சிசேரியனுக்குப் போட்டது, கர்ப்பப்பை எடுக்கப் போட்டது என்று அந்த அறையில் முதுகு வலி இல்லாதவள் ஒருத்தி இல்லை. ஊசியே போடாத ஜாய்ஸ்கூட எனக்கும் வலிக்குது என்றாள். அதை அந்த நேரம் யாரும் கவனிக்கவில்லை.

ரெக்ஸலினுக்கும் என் பேத்தி பிறக்கிறபோது முதுகில்தான் போட்டார்கள். மூன்றாம் மாசமே கேஸ் சிலிண்டரைத் தனியாக உருட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் அவளை மாதிரி ஆட்களை எதுவும் ஒன்றும் செய்யாது. அதை வைத்து நாம் முடிவு பண்ண முடியாது, பாத்துக்கிடுங்க.

அதனால் முழு மயக்கம்தான் என்று தீர்மானம் பண்ணினேன். ரெக்ஸலின் கொடுக்கக்கூடாது, ரெக்ஸலின் தியேட்டர் பக்கமே வரக்கூடாது, இது என் இரண்டாவது தீர்மானம். கிங்ஸ்லியிடம் சொல்லிவிட்டேன். அப்போது இங்கே டாக்டர் ஆவுடையப்பன் இருந்தார். பட்டையாய்த் திருநீறு பூசுவார், ஆனால் நிதானமான மனுஷன். என்னைப் பார்த்துவிட்டு, "ரெண்டுமே செய்யலாம்மா. உங்க சுகருக்கும் பி.பி.க்கும் முதுகு ஊசி கொஞ்சம் நல்லது. உங்க மருமக சொன்னது சரிதான்" என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சை அவர் பேசியிருக்க வேண்டாம். பேசாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் சம்மதித்திருப்பேன்.

"முழுசாவே தூங்கவைங்க டாக்டர்" என்றேன்.

"உங்க விருப்பம்" என்றார்.

நல்ல தூக்கம். அதை மறைக்க மாட்டேன். ஜெபித்துக்கொண்டே படுத்தேன், ஆமென் வாய்க்கு வரவில்லை, அதற்குள் தூங்கிவிட்டேன். ஒரு கனவு இல்லை, ஒரு பயம் இல்லை. விழித்தால் ஐ.சி.யூ.வில் இருக்கிறேன். கையில் இரண்டு டிரிப்ஸ், வாயெல்லாம் காய்ந்து கிடக்கிறது. சுகர் முந்நூறைத் தாண்டிப் போய்விட்டது, பி.பி. எங்கேயோ நிற்கிறது, நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை என்று ஆள் மாற்றி ஆள் வந்து பார்க்கிறார்கள். சாதாரண வார்டுக்கு என்னை அனுப்பவே பல நாள் ஆயிற்று. அதற்குப் பிறகும் சுகர் இறங்குவேனா என்றது. தையல் போட்ட இடம் ஆறவில்லை. கசிந்துகொண்டே இருந்தது. அதைத் திறந்து கழுவினார்கள். அதை நினைத்தால் இப்போதும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றுகிறது. பயத்தினால் இல்லை, இந்த ஃபேன் காற்று எனக்கு ஆகாது.

அது மயக்கத்தினால் என்று நான் சொல்லமாட்டேன். இங்கே போடுகிற சப்பாத்தியைப் பார்த்தீங்களா? அதைச் சாப்பிட்டால் யாருக்கும் சுகர் ஏறும். பக்கத்துக் கட்டிலுக்கு வந்து போனவர்கள் கண் வேறு.

நான் சொல்ல வந்தது அது இல்லை. ஐ.சி.யூ.வில் எப்போது கண் திறந்தாலும் கட்டில் பக்கத்தில் ரெக்ஸலின் நிற்கிறாள். டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிறாள். விரலில் குத்திச் சுகர் பார்க்கிறாள், டிரிப்ஸைத் திருகுகிறாள், என் தலையணையைத் திருப்பிப் போடுகிறாள். எதற்கு? நம்பரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறதற்குத்தான். வேறு எதற்கு? நானும் காத்திருக்கிறேன், இப்போது சொல்லுவாள், இதோ சொல்லுவாள், "நான் அப்பவே சொன்னேனே அத்தை" என்று. அவள் சொன்னால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று டிரிப்ஸ் ஏறுகிறபோதே யோசித்து வைத்திருந்தேன். நல்ல பதில்.

அவள் சொல்லவே இல்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. பாருங்க, எவ்வளவு அழுத்தம்! வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பேசித் தீர்ந்திருக்கும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இப்போது அது பாதி மறந்தும் போய்விட்டது.

இதையும்கூட நான் மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு.

வார்டுக்கு மாற்றின பிறகு, ஒரு சின்ன நர்ஸ் பெண் எனக்குத் தலைவாரி விட்டாள். வாய் சும்மா இருக்காத பெண். தியேட்டரில் அவளும் இருந்தாளாம். "பாட்டி, நீங்க ஆபரேஷன்ல அழுதுக்கிட்டே இருந்தீங்க தெரியுமா?" என்கிறாள்.

"நானா? நான் தூங்கிக்கிட்டுல்லாம்மா இருந்தேன்?"

"தூக்கத்துலதான். கண்ணைத் திறக்காம இருக்கப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தோம். அப்படியும் ரெண்டு ஓரத்துலயும் ஊத்துச்சு. நெத்தியெல்லாம் வேர்த்துச்சு. மயக்கம் கொடுத்த பெரிய டாக்டர் மருந்தைக் கூட்டிக்கிட்டே இருந்தாரு. உங்க மருமக டாக்டர்தான் துடைச்சுக்கிட்டே நின்னாங்க."

"அவ எதுக்கு உள்ள வந்தா?"

"பி.பி. ஏறுனதும் பெரிய டாக்டர்தான் கூப்பிட்டாரு. அவங்க கதவுக்கு வெளியவே நின்னுக்கிட்டுதான் இருந்தாங்க."

வரக்கூடாது என்று நான் சொல்லியும் வந்திருக்கிறாள். வந்து, நின்று, பார்த்திருக்கிறாள்.

நீங்க என்னை இன்றைக்குத்தான் பார்க்கிறீங்க, அதனால் சொல்லுகிறேன். நான் அழுகிறவள் இல்லை. எங்க சபையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க. அவுக காலையில் நன்றாய்க் காப்பி குடித்தார்கள், பேப்பரை மடித்து வைத்தார்கள், அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்கள். அடக்க ஆராதனையில் குழி ஓரத்தில் நின்று பாமாலை பாடினவள் நான். சுருதி பிசகாமல் எல்லாச் சரணமும் பாடினேன். லில்லிபுஷ்பம் உட்பட எல்லாரும் கதறுகிறார்கள், நான் பாடுகிறேன். இப்படி ஒரு விசுவாசத்தைப் பார்த்ததில்லை என்று போதகர் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் என்னைச் சொன்னார். வீட்டுக்கு வந்தும் நான் அழவில்லை. என் பெண் ஷீபா பெங்களூரிலிருந்து வந்து, "அம்மா, கொஞ்சமாவது அழுதிருங்கம்மா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்கு ஜெபித்து அனுப்பினேன்.

அப்படிப்பட்டவளைத் தூங்கவைத்ததும், கேட்பார் இல்லாத நேரத்தில், பச்சைக் குல்லாய் போட்ட பத்துப் பேருக்கு முன்னால் என் உடம்பு அழுதிருக்கிறது. அதை இவள் துணி வைத்துத் துடைத்திருக்கிறாள்!

கிங்ஸ்லியை விட்டுக் கேட்கச் சொன்னேன், நிஜமா என்று. அவன் கேட்டான். அவள் தானே என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். "அத்தை, அது நீங்க அழுதது இல்ல" என்றாள். "மருந்து உங்களைத்தான் தூங்க வைக்கும். உடம்பு அதுக்குத் தெரிஞ்சதைச் செய்யும். வேர்க்கும், கண்ணு ஊத்தும், சுகரை ஏத்தும். எல்லாருக்கும் உள்ளதுதான். வெக்கப்பட ஒண்ணும் இல்ல."

வெட்கமாம். யார் வெட்கப்பட்டது? நான் ஃப்ரிட்ஜைத் தேடினேன், ஆஸ்பத்திரியில் ஃப்ரிட்ஜ் ஏது? சுவரைப் பார்த்து, "சரி, போய் வேலையைப் பாக்கச் சொல்லு" என்றேன்.

அதற்குப் பிறகு மாசக்கணக்கில் ஒழுங்காய்த்தான் போனது. வலது கால் ஒருவழியாய் ஆறியது. ஆனால் முழங்கால்படியிடக்கூடாதாம், நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கட்டும் என்று கிங்ஸ்லி மூலமாய்ச் சொல்லி அனுப்புகிறாள். ஆர்.சி.காரி எனக்கு ஜெபம் பண்ணச் சொல்லிக்கொடுக்கிறாள்! இப்போது இடது கால் நிற்கமாட்டேன் என்கிறது. பாத்ரூமுக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறேன். போன வாரம் பிடி தவறி உட்கார்ந்துவிட்டேன். கிங்ஸ்லி ஆபீஸில் இருந்தான், என்னைத் தூக்கிவிட்டது அவள்தான். கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். சிலிண்டர் உருட்டின கை அல்லவா, பலம் இருக்கிறது. டாக்டர் மகாராஜன், இனியும் தள்ளிப்போட்டால் மாற்றின வலது காலும் சேர்ந்து போய்விடும், அப்புறம் சக்கர நாற்காலிதான் என்கிறார்.

டாக்டர் ஆவுடையப்பன் ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இருக்கிறது இவள் ஒருத்திதான். இப்போது மயக்கம் எப்படி என்று நான் சொல்ல வேண்டும். கிங்ஸ்லியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "முதுகுல போட்டா நல்லது. முழு மயக்கம்தான் வேணும்னாலும் கொடுக்கிறேன், கூடவே கால் நரம்புக்கு ஒரு ஊசி போட்டு இந்த முறை நல்லாப் பாத்துக்கிடுவேன். எதுன்னாலும் உங்க அம்மா அவங்க வாயால சொல்லணும். நீங்க சொல்லி நான் எடுத்துக்கிட மாட்டேன்."

அவங்க வாயாலாம். எவ்வளவு அதிகாரம் பாருங்க.

நான் யோசித்துவிட்டேன். முழுசாய்த் தூங்கினால், நான் இல்லாத நேரத்தில் என் உடம்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. கூட ஊசி போட்டுப் பார்த்துக்கொள்ளுகிறேன் என்கிறாள், அவளை நம்பி நான் கண்ணை மூட முடியுமா? மறுபடி அது அழும், அவள் மறுபடி துணியை எடுப்பாள். முதுகில் போட்டால் நான் விழித்திருப்பேன். விழித்திருந்தால் என் கண் என் சொல் கேட்கும். மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள்ளேயே பாடுவேன், ஒரு சொட்டு வராது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

இதுதான் காரணம். சுகரும் இல்லை, அவள் எடுத்த பாடமும் இல்லை. லில்லிபுஷ்பத்தின் முதுகு வலியைப் பற்றி எனக்குப் பயமும் இல்லை. ஊர்க்கதை அத்தனையையும் சுமக்கிறவளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்?

ஒன்றே ஒன்றுதான் எனக்குச் சங்கடம். அந்த ஊசி போடுகிறதற்கு, முதுகை வளைத்துக் குனிந்து உட்கார வேண்டுமாம். ரவிக்கையெல்லாம் கழற்றிவிடுவார்கள். முன்னால் ஒரு நர்ஸ் தோளைப் பிடித்துக்கொள்ளுவாள், பின்னால் டாக்டர் முதுகெலும்பைத் தடவிப் பார்த்து இடம் தேடுவார். அவுக போனதற்குப் பிறகு என் முதுகை யாரும் தொட்டதில்லை. தொடப்போகிறது இவள். ஆடக்கூடாது, அசையக்கூடாது, அவள் ஆச்சு என்கிற வரைக்கும் அப்படியே இருக்க வேண்டும். இருந்துவிடுவேன். நான் பொறுமைசாலி.

வலிக்குமா என்று கேட்டீங்களே, எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று அவள் யாரிடமோ போனில் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். அவளுக்கே போட்டதுதானே, பொய் சொல்லமாட்டாள். உங்க அம்மாவுக்குத் தைரியமாய்ப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்க. கை சுத்தமான பெண் என்று இங்கே எல்லாரும் சொல்லுகிறார்கள். எனக்குத் தெரியாது, நான் கேட்டதைச் சொல்லுகிறேன்.

அதோ, உங்க நம்பரைக் கூப்பிடுகிறார்கள். எழுந்திருங்க, ஸ்ட்ரெச்சரை அந்தத் தம்பி தள்ளுவார். போகுமுன் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க. உங்க அம்மா விஷயமெல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கிற நேரத்தில், "வெளியே உட்கார்ந்திருக்கிற ஞானதீபம் அம்மா முதுகிலேயே போடச் சொன்னாங்க" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்க. நான் கெஞ்சினதாகச் சொல்ல வேண்டாம். இவ்வளவு நேரம் பேசினதையும் சொல்ல வேண்டாம். வேறு ஆள் வாயால் சொன்னால் அவள் லேசில் ஒத்துக்கொள்ளமாட்டாள், பிடிவாதக்காரி. "நிஜமாவா அத்தை?" என்று உள்ளே இருந்தே சத்தமாய்க் கேட்டாலும் கேட்பாள். அப்படிக் கேட்டால் நான் இங்கே இருந்தே பதில் சொல்லிக்கொள்ளுகிறேன். நீங்க கதவை மட்டும் முழுசாகச் சாத்தாமல் போங்க.